அறையே பாவையான கதை

திருவனந்தபுரம் வலியசாலைத் தமிழ் வீடுகளில் ‘குட்டிச்சாத்தான்’ என்றால் அடங்காத பிள்ளைக்கு விழும் திட்டு. 1984 ஆகஸ்ட் 24-க்குப் பிறகு அதில் கொஞ்சம் செல்லமும் சேர்ந்துகொண்டது. ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ வெளியான நாள் அது. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். தயாரித்தவர் நவோதயா அப்பச்சன், இயக்கியவர் அவர் மகன் ஜிஜோ, இசை நம் இளையராஜா. கண்ணாடி போட்டுப் பார்த்தால் ஐஸ்கிரீம் மூக்குக்கு நேரே நீளும். ஆனால் படம் பார்த்துத் திரும்பிய பிள்ளைகள் கேட்டது வேறு: படத்தில் வரும் ஒரு பாட்டில் அந்தக் குழந்தைகள் எப்படிச் சுவரில் ஏறிக் கூரையில் நடந்தார்கள்? விடைக்குப் பாவைக்கூத்துப் பக்கம் போக வேண்டும்.

நாஞ்சில் நாட்டுத் தோல்பாவைக்கூத்தில் திரைக்குப் பின்னே ஒரே ஆள் இராமனையும் ஆட்டுவார், இராவணனையும் ஆட்டுவார், இருவருக்கும் குரலும் கொடுப்பார். இங்கிலாந்தில் ஜிம் ஹென்சனும் ஃபிராங்க் ஆஸும் எடுத்த ‘தி டார்க் கிரிஸ்டல்’ (1982) அந்த வித்தையின் பெரிய வடிவம். திரையில் ஒரு மனித முகம்கூடக் கிடையாது. எல்லாம் பொம்மைகள், அவற்றுக்குள்ளும் அடியிலும் மறைந்திருந்தவர்கள் மனிதர்கள். குட்டிச்சாத்தானில் இது தலைகீழ். பிள்ளைகள் சும்மா நடந்தார்கள். ஆட்டிவைக்கப்பட்டது அறை.

திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கலை இயக்குநர் கே. சேகரின் கைவண்ணம் அது. ஹாலிவுட்டில் 1951-இலேயே ஃபிரெட் அஸ்டேர் இப்படிச் சுழலும் அறைக்குள் ஆடியிருக்கிறார். 1968-இல் குப்ரிக் தன் விண்வெளிப் படத்துக்கு ராட்சதச் சக்கரமே கட்டினார். சேகரிடம் அந்தப் பணம் இல்லை. அங்கமாலியில் செய்த 25 டன் எஃகுச் சட்டம் இருந்தது. அதைச் சுற்ற இரு பக்கமும் ஆட்கள் இருந்தார்கள். கேமராவை அறையோடு சேர்த்து முடுக்கியாகிவிட்டது. அறை சுற்றினால் அதுவும் கூடவே சுற்றும், ஆகவே அறை அசைவது அதற்குத் தெரியாது. பிள்ளைகள் எப்போதும் அடியில்தான் நிற்கிறார்கள். திரையில் பார்க்கும் நமக்கு அவர்கள் சுவரில் ஏறுகிறார்கள். கூத்துக்காரரின் விரல் வேலைதான், கொஞ்சம் பெரிதாக. பாட்டை எடுத்து முடிக்க 14 நாள் ஆயிற்று.

படம் ஓடத் தொடங்கியதும் வதந்தியும் ஓடியது: அந்தக் கண்ணாடியைப் போட்டால் ‘மெட்ராஸ் ஐ’ ஒட்டிக்கொள்ளுமாம்! எஃகைத் திருப்பியவர்களுக்கு ஊர் வாயைத் திருப்ப வழி தெரியாமலா போகும்? கண்ணாடிகளைச் சுத்தம் செய்துதான் தருகிறோம் என்று நட்சத்திரங்களைப் பேசவைத்துப் படத்தின் முன்னால் சேர்த்தார்கள்.

சேகர் 2021 டிசம்பரில் காலமானார். அந்தப் பாட்டை இனிப் பார்க்கும்போது கூரையில் நடக்கும் குழந்தையின் தலைமுடியைக் கவனியுங்கள். அது ஒருமுறைகூடத் தரையை நோக்கித் தொங்காது.