ஹோரியூஜிக் கோயிலின் காலம்

ஜப்பான் நாட்டின் நாரா நகரையடுத்த இக்காருகாவில் உள்ள ஹோரியூஜி, உலகில் இன்று நின்று நிலவும் மரக்கட்டடங்களுள் மிகப் பழையது என்பர். ஹிமேஜிக் கோட்டையும் இக்கோயிலும் 1993-ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களாக ஏற்கப்பெற்றன. ஆயின் 'மிகப் பழையது' என்னும் சொல் எவ்வாண்டைக் குறிக்கின்றது என வினவுவார்க்கு விடை எளிதன்று. எழுத்துச் சான்றும் கட்டடச் சான்றும் தம்முள் முரணும்வழி எதனைக் கொள்வது என்பது வரலாற்று ஆராய்ச்சியாளர் அனைவர்க்கும் உரிய வினாவாகலின், இக்கோயிலின் காலம் பற்றி எழுந்த சொற்போரை ஈண்டு ஆராய்வோம்.

கோயிலின் பொன்மண்டபத்தில் மருத்துவப் புத்தரின் படிமம் ஒன்று உளது. அதன் ஒளிவட்டத்தின் பின்புறத்துப் பொறிப்பு, பேரரசி சுயிக்கோவும் இளவரசர் ஷோத்தோக்குவும் 607-இல் கோயிற்பணியை நிறைவேற்றினர் எனக் கூறும். அப்பொறிப்புப் பிற்காலத்தது என ஐயுறுவாரும் உளர். 720-இல் தொகுக்கப்பெற்ற நிஹோன் ஷோக்கி என்னும் அரச வரலாறோ, 670-இல் ஓர் இரவு தீப்பற்றியதனால் கோயிலில் ஒரு கட்டடமும் எஞ்சவில்லை என்று உரைக்கின்றது. இதனை நம்பின், நாம் இன்று காணும் கோயில் ஷோத்தோக்கு காலத்தது அன்று.

1905-இல் கட்டடக்கலை வரலாற்றறிஞர் செக்கினோ தடாஷி இதனை மறுத்தார். இன்றுள்ள மண்டபமும் கோபுரமும் கொரிய அடி எனப்படும் பழைய அளவுகோலால் அமைந்தவை. அக்கோல் 645-க்குப் பின் தொடங்கிய சீர்திருத்தத்தால் வழக்கொழிந்தது. ஆகவே இவை தீக்கு முற்பட்டவை என்பது அவர் துணிபு. கித்தா சதக்கிச்சி என்னும் வரலாற்றறிஞரோ, வெளிப்படையாக எழுதிவைத்த செய்தியை அளவுகோல் ஒன்றைக் கொண்டு தள்ளுதல் முறையன்று என வாதிட்டார். அரசாணையால் மாறிய அளவைத் தச்சர் கைவிடுதற்குத் தலைமுறைகள் செல்லக்கூடும் என்பதனைச் செக்கினோ போதிய அளவு எண்ணினாரல்லர் என்பது நம் கருத்து.

சொற்போரில் தீராத இவ்வழக்கை மண்வெட்டி தீர்த்தது. 1939-இல் இஷிதா மொசாக்கு கோயில் வளாகத்தின் தென்கிழக்குப் பகுதியை அகழ்ந்தபோது, வேறொரு கோயிலின் அடித்தளம் வெளிப்பட்டது. இன்றைய கோயிலில் கோபுரமும் பொன்மண்டபமும் மேற்கும் கிழக்குமாக அருகருகே நிற்கின்றன. அப்பழங்கோயிலில் அவை தெற்கும் வடக்குமாக ஒரே நேர்கோட்டில் நின்றன. கோயிலின் அச்சும் வேறு திசை நோக்கிச் சாய்ந்திருந்தது. எரிந்தது அப்பழங்கோயிலே என்பது புலனாயிற்று. 2004-இல் அதனருகே தீயிற் சுட்ட சுவரோவியத் துணுக்குகள் கிடைத்தமை இதனை மேலும் வலியுறுத்தும். அரச வரலாறு பொய் கூறவில்லை.

எனினும் வழக்கு முற்றும் முடிந்திலது. ஐந்நிலைக் கோபுரத்தின் நடுத்தூணிலிருந்து, முற்காலப் பழுதுபார்ப்பின்போது அறுத்தெடுத்த வட்டத்துண்டு ஒன்று பாதுகாக்கப்பட்டிருந்தது. அதன் ஆண்டு வளையங்களை எண்ணி ஆய்ந்த அறிஞர், அம்மரம் 594-இல் வெட்டப்பட்டது என 2001-இல் அறிவித்தனர். 670-க்குப் பின் எழுப்பிய கோபுரத்திற்கு எழுபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட பழைய மரம் வந்தது எங்ஙனம்? நெடுங்காலம் சேமித்து வைத்த மரம் என்பர் சிலர். வேறொரு கட்டடத்திலிருந்து பெயர்த்துக் கொணர்ந்தது என்பர் சிலர். பின்னுள்ளோர் கூற்றே பொருந்துவதாக நமக்குத் தோன்றுகின்றது. எங்ஙனமாயினும், மரம் வெட்டிய ஆண்டு வேறு, கட்டடம் எழுந்த ஆண்டு வேறு என்பதனை மறத்தலாகாது. அறிவியற் கருவி தந்த ஆண்டு என்பதனாலேயே அதனைக் கோயிலின் காலமாகக் கொள்வார், பொறிப்பின் ஆண்டை அங்ஙனமே கொண்டாரினும் வேறுபட்டாரல்லர்.

பொன்மண்டபத்தின் நிலை இன்னும் சிக்கலானது. 1934-இல் தொடங்கிய பெரும் பழுதுபார்ப்பின் இடையே, 1949 சனவரி 26 அன்று அதன் கீழ்நிலையில் தீப்பற்றியது. அசந்தா ஓவியங்களோடு ஒப்பிட்டுப் போற்றப்பெற்ற பன்னிரண்டு பெருஞ்சுவரோவியங்கள் நிறமிழந்து கருகின. மேனிலை முன்னரே பிரித்து வேறிடத்தில் வைக்கப்பட்டிருந்தமையால் தப்பியது. அடுத்த ஆண்டே ஜப்பானிய அரசு பண்பாட்டுச் செல்வப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1954-இல் மண்டபம் மீண்டும் எழுந்தபோது, மேலே ஏழாம் நூற்றாண்டு மரமும் கீழே இருபதாம் நூற்றாண்டுத் தூண்களுமாக நின்றது. உள்ளே செல்வோர் சுவரிற் காண்பவை 1968-இல் பொருத்திய படியோவியங்களே. கருகிய பழைய தூண்களும் சுவர்களும் வளாகத்திலேயே தனிக் கட்டடமொன்றில், மண்டபத்தில் நின்ற முறைப்படியே நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன. அக்கட்டடம் பொதுமக்கட்கு அரிதாகவே திறக்கப்படுகின்றது.