சாம்பலுக்கு முந்தைய சிரிப்பு

தவக்காலம் நெருங்கும்போதெல்லாம் நம் பங்குகளில் ஒரு பரபரப்பு தென்படும். ஓலை வாசித்து முடித்த குடும்பங்கள், விபூதிப் புதனுக்கு முன்பே திருமணத்தை நடத்திவிட வேண்டுமென்று பங்குத்தந்தையின் வாயிலில் வந்து நிற்கும். இளையோர் தங்கள் விளையாட்டு விழாவையும் கலைநிகழ்ச்சியையும் அதற்குள் முடித்துக்கொள்ள அனுமதி கேட்பர். ஓராண்டு அவ்வாறு கேட்டு வந்த இளைஞர்களைப் பங்கின் பெரியவர் ஒருவர், "நோன்பு வாசலில் நிற்கும்போது கூத்து எதற்கு?" என்று கடிந்துகொண்டார். அவருடைய கேள்வி புதியதன்று. திருச்சபையின் வரலாற்றில் நூற்றாண்டுகளாகக் கேட்கப்பட்டு வரும் கேள்வியே அது. அதற்கு விடை தேட விரும்புவோர் ஜெர்மனி நாட்டின் கொலோன் நகர வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

ரைன் நதிக்கரையில் அமைந்த கொலோன், கி.பி. 50-இல் உரோமைக் குடியேற்ற நகரமாக உயர்த்தப்பட்ட தொன்மையான ஊர். மூன்று அரசர்களின் திருப்பண்டங்கள் 1164-இல் மிலான் நகரிலிருந்து இங்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றுக்கு உறைவிடமாக 1248-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற பேராலயம், அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்து 1880-இல் நிறைவுற்றது. நகரத்தின் சின்னத்தில் இன்றும் மூன்று மணிமுடிகள் உண்டு. அவற்றின் கீழ்ப் பதினொரு துளிகள், புனித உர்சுலாவையும் அவருடைய தோழியரையும் நினைவூட்டுகின்றன.

இந்நகர மக்களுக்குப் பிப்ரவரி மாதம் என்பது குளிரும் மழையும் மாறிமாறி வாட்டும் காலம். பகல் குறுகியிருக்கும், வானம் சாம்பல் நிறம் பூண்டிருக்கும். அந்தக் குளிர்காலத்தின் கடைசியில், தவக்காலத்துக்கு முந்திய ஒரு வாரம், நகரமே வீதியில் இறங்கிக் கொண்டாடும். 'கார்னிவல்' என உலகம் வழங்கும் இவ்விழாவுக்குக் கொலோன் மக்கள் தம் வட்டார மொழியில் இட்ட பெயர், 'நோன்பின் முன்மாலை' எனப் பொருள்படும். நோன்பு இல்லையேல் அதன் முன்மாலையும் இல்லை. ஆகவே இக்கொண்டாட்டம் தவக்காலத்துக்குப் பகையாகப் பிறந்ததன்று. அதன் நிழலில் வளர்ந்தது.

எனினும் அதிகாரம் படைத்தோர் இவ்விழாவை எப்போதும் ஐயத்தோடே நோக்கி வந்தனர். 1341-ஆம் ஆண்டில், நகரக் கருவூலத்திலிருந்து இவ்விழாவுக்குப் பணம் வழங்கலாகாது என நகர மன்றம் தன் உறுதிமொழி ஏட்டில் எழுதி வைத்தது. கொலோனில் விழாவைக் குறித்து நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று இந்தத் தடைதான்! திருச்சபையும் தன் வழியில் மறுமொழி கூறியது. இத்தாலியின் மச்செராத்தா நகரில் 1556-ஆம் ஆண்டு, விழா நாள்களின் அத்துமீறல்களுக்கு மாற்றாக இயேசு சபையினர் நாற்பது மணி ஆராதனையை நடத்தினர். நம் பங்குகளில் முன்பு பக்தியோடு நடைபெற்ற நாற்பது மணி ஆராதனையின் வரலாற்றில் இப்படியும் ஓர் ஏடு உண்டு.

1794-இல் பிரெஞ்சுப் படை கொலோனைக் கைப்பற்றியது. பழைய சுதந்திர நகரத்தின் ஆட்சி முடிவுற்றது. நகரக் காவல்படை கலைந்தது. கொண்டாட்டமும் சில ஆண்டுகள் தடைப்பட்டது. பின்னர் 1815-இல் நகரம் புருசிய அரசின் கீழ் வந்தது. கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழ்ந்த ஊரைப் புராட்டஸ்டாண்டு அரசு ஒன்று இராணுவ ஒழுங்கோடு ஆளத் தொடங்கியது. இந்நிலையில்தான் 1823-இல் நகரப் பிரமுகர்கள் விழாக்குழு ஒன்றை அமைத்தனர். அவ்வாண்டு பிப்ரவரி 10-ஆம் நாள், 'ரோஜாத் திங்கள்' என வழங்கும் அந்தத் திங்கட்கிழமையன்று, முதல் பெரும் ஊர்வலம் புறப்பட்டது. கலைக்கப்பட்ட காவல்படையின் சிவப்புச் சீருடையை அணிந்து, மரத்தாலான துப்பாக்கிகளை ஏந்தி, ஒருவர் முதுகோடு மற்றொருவர் உரசி ஆடும் கேலிப்படை ஒன்றும் அவ்வாண்டிலேயே தோன்றியது. இராணுவ மிடுக்கை வாய்திறந்து எதிர்க்க இயலாத மக்கள், அதைப் பார்த்துச் சிரித்தனர். ஆளப்படுவோரின் சிரிப்புக்கு அன்று ஒரு மாண்பு இருந்தது.

ஆனால் சிரிப்பு எப்போதும் எளியவர் பக்கமே நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இதே வீதிகள் அதற்குச் சாட்சி.

கொலோனில் யூதர் வாழ்ந்ததற்கான சான்று, மாமன்னர் கான்ஸ்டன்டைன் 321-இல் பிறப்பித்த ஆணையிலேயே கிடைக்கிறது. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே யூதச் சமூகத்தைக் குறிக்கும் மிகப் பழைய ஆவணம் அது. அந்த நெடிய உறவின் தொடர்ச்சியாக, 1922-இல் யூதர்கள் தமக்கென ஒரு விழாச் சங்கத்தையும் நிறுவினர். ஹான்ஸ் டோபார் போன்ற யூதக் கலைஞர்கள் மேடைகளில் நகரத்தைச் சிரிக்க வைத்தனர். 1933-இல் நாத்சிக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. அடுத்த ஆண்டே, 1934-ஆம் ஆண்டு ஊர்வலத்தில், நாட்டைவிட்டு வெளியேறும் யூதர்களை எள்ளி நகையாடும் ஊர்தி ஒன்று வந்தது. யூதரைப் போல வேடமிட்டவர்கள் அதில் நின்றனர். வீதியின் இருபுறமும் மக்கள் நின்று பார்த்தனர். 1936-இல் யூதரின் குடியுரிமையைப் பறித்த சட்டங்களையே கேலிப்பொருளாக்கிய ஊர்தியும் வலம் வந்தது.

இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையே நடந்த ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். 1935-இல் நாத்சிகள் விழாவின் நிர்வாகத்தைத் தம் அமைப்பின்கீழ்க் கொண்டுவர முயன்றபோது, விழாச் சங்கங்கள் துணிந்து எதிர்த்து நின்றன, வெற்றியும் கண்டன. எதிர்க்க வலிமை இல்லாமல் போகவில்லை. தங்கள் உரிமைக்காக எழுந்த அந்தக் குரல், அடுத்த வீட்டு யூதருக்காக எழவில்லை, அவ்வளவே. டோபார் 1939-இல் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றார். 1941 அக்டோபர் முதல் கொலோனின் டோய்ட்ஸ் இரயில் நிலையத்திலிருந்து யூதர்கள் கூட்டம் கூட்டமாகக் கிழக்கே அனுப்பப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் திரும்பவில்லை.

அந்த இருளிலும் தனித்து நின்ற ஒருவரைச் சொல்லாமல் விடுவது நீதியன்று. கார்ல் கூப்பர் என்னும் மேடைப் பேச்சாளர், இட்லர் வணக்கம் செய்பவர்போல் வலக்கையை உயர்த்திக்காட்டி, எங்கள் நிலவறையில் குப்பை இவ்வளவு உயரம் கிடக்கிறது என்று சொல்லிச் சிரிக்க வைத்தாராம். 1939-இல் அவர் வாழ்நாள் முழுவதும் மேடையேறலாகாது எனத் தடை விதிக்கப்பட்டது. வலியோரை நோக்கி எழும் சிரிப்புக்கு விலை உண்டு. மெலியோரை நோக்கி எழும் சிரிப்புக்கு அன்று விலை இல்லை, பரிசே இருந்தது.

போர் கொலோனைச் சின்னாபின்னமாக்கியது. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வான்தாக்குதல்களில் நகரின் மையப்பகுதி ஏறத்தாழ முற்றிலும் இடிந்து, பேராலயம் மட்டும் காயங்களோடு நிமிர்ந்து நின்றது. 1946-47 குளிர்காலம் கொடியதாயிற்று. உணவில்லை, கணப்பு மூட்ட நிலக்கரி இல்லை. மக்கள் நிலக்கரி ஏற்றிச் செல்லும் இரயில்களில் ஏறி, கைக்கு எட்டியதை எடுத்துக் குடும்பத்தைக் காத்தனர். 1946 டிசம்பர் 31 அன்று, ரீல் பகுதியிலுள்ள புனித எங்கல்பர்ட் ஆலயத்தில் மறையுரை ஆற்றிய கொலோன் பேராயர் கர்தினால் யோசேப் ஃபிரிங்ஸ், ஏழாம் கட்டளையை எடுத்துக்கொண்டார். உழைத்தோ கேட்டோ பெற வழியில்லாதபோது, உயிரையும் உடல்நலத்தையும் காக்கத் தேவையானதை ஒருவர் எடுத்துக்கொள்ளலாம் என்றார். பலர் அந்த அளவையும் மீறிவிட்டனர் என்றும், அவ்வாறு எடுத்ததைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அதே மூச்சில் எச்சரித்தார். கடும் தேவையில் பொருள்கள் பொதுவாகின்றன என்னும் புனித தாமஸ் அக்குவினாரின் போதனையே இது. மக்களோ எச்சரிக்கையைவிட அனுமதியையே நன்கு நினைவில் வைத்துக்கொண்டனர். பிழைப்பதற்காக நிலக்கரி எடுப்பதற்கு 'ஃபிரிங்ஸ் செய்தல்' என ஒரு வினைச்சொல்லே அவர்கள் பேச்சில் தோன்றிவிட்டது!

1949 பிப்ரவரி 28 அன்று, இடிபாடுகளுக்கு நடுவே போருக்குப் பிந்திய முதல் ரோஜாத் திங்கள் ஊர்வலம் நடந்தது. மீண்டும் வந்துவிட்டோம், எங்களால் இயன்றதைச் செய்கிறோம் என்பதே அதன் கருத்து. அடுத்த ஆண்டு, 1950-இல், அதே கர்தினால் ஃபிரிங்ஸ், திருவிழா முடிந்த மறுநாளான விபூதிப் புதனன்று கலைஞர்களைத் திருப்பலிக்கு அழைத்து, சாம்பல் பூசி, அவர்களோடு உரையாடும் வழக்கத்தைத் தொடங்கினார். பின்னர் அது வேறு பல மறைமாவட்டங்களுக்கும் பரவியது.

இன்று கொலோனில் ரோஜாத் திங்களுக்கு முந்திய ஞாயிறன்று பள்ளிகளும் பேட்டைகளும் தத்தம் ஊர்வலங்களை நடத்துகின்றன. பிள்ளைகளும் பெற்றோரும் பல மாதங்கள் கூடி உடை தைத்து, ஒரு தெருவாக, ஒரு பேட்டையாக நடந்து வருகின்றனர். கூட்டத்தை நோக்கி இனிப்புகள் வாரி வீசப்படுகின்றன. செவ்வாய் இரவு மதுக்கூடங்களின் வாசலில் தொங்கிய வைக்கோல் பொம்மையின்மீது அவ்வாரத்துப் பாவங்கள் அனைத்தையும் சுமத்தி எரிக்கின்றனர். பழியைப் பொம்மையின் தலையில் ஏற்றுவது எளிது. மறுநாள் காலை ஆலயத்தில் குருவின் விரல் நெற்றியைத் தொடும்போதுதான், பழி யாருடையது என்பது தெளிவாகிறது.

2022-இல் விழா தொடங்கும் வியாழனன்று, பிப்ரவரி 24, உக்ரைன் மீது உருசியா படையெடுத்தது. அவ்வாண்டு ரோஜாத் திங்களன்று நடந்தது அமைதிப் பேரணி. சுமார் இரண்டரை இலட்சம் மக்கள், பலர் வேடம் கலைக்காமலே, நடந்தனர். 2023-இல் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடிய ஊர்வலம், முதன்முறையாக ஆற்றின் மறுகரையில் தொடங்கி ரைன் நதியைக் கடந்தது. அது தொடங்கிய இடம் டோய்ட்ஸ். அதற்கு முன்பே, 2017-இல், யூதர்கள் மீண்டும் ஒரு விழாச் சங்கத்தை நிறுவியிருந்தனர். எண்பது ஆண்டுகளுக்கு முன் யாரை ஏற்றி அனுப்பினார்களோ, அவர்களுடைய மக்கள் அதே நகரத்தின் கொண்டாட்டத்தில் தம் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டனர்.

நோன்பு வாசலில் நிற்கும்போது கூத்து எதற்கு என்று கேட்ட பெரியவருக்கு இந்த வரலாறு என்ன விடை தருகிறது? கூடி மகிழ்வது பாவமன்று. நெகேமியா நூலில், திருச்சட்டத்தைக் கேட்டு அழுத மக்களிடம், அழ வேண்டாம், உண்டு மகிழுங்கள் என்று சொல்லப்படுகிறது. ஆனால் அதே அறிவுரையில், ஒன்றுமில்லாதவர்க்கும் பங்கு அனுப்புங்கள் என்பதும் சேர்ந்தே வருகிறது. முதற்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வது நமக்கு வழக்கமாகிவிட்டது.

அவ்வாண்டு அந்த இளைஞர்களுக்கு அனுமதி கொடுத்தேன். கூடவே, ஆலயத்துக்குப் பின்னாலுள்ள குடியிருப்பின் பிள்ளைகளும் மேடையேற வேண்டும் என்றேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. "அவர்களை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை சாமி" என்றான் ஒருவன். கேள்வி கேட்ட பெரியவரும் தலைகுனிந்து நின்றார். அவர்களை அழைக்கும் பொறுப்பைக் கடைசியில் அவரே ஏற்றுக்கொண்டார்.

நம் திருவிழாச் சப்பரங்கள் எந்தத் தெருமுனை வரை சென்று திரும்பிவிடுகின்றன என்பதை நாம் ஒவ்வொருவரும் அறிவோம். கொடியேற்றி, வாணம் விட்டு, விருந்துண்டு மகிழும் நாள்களில், வெளியே நிற்பவர் யார் என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். விபூதிப் புதனன்று பூசப்படும் சாம்பலுக்குத் தெரு வேறுபாடு தெரியாது. அதற்கு முந்திய நாளின் மகிழ்ச்சிக்கும் அது தெரியாமல் இருக்கட்டும்.