கிழக்கே கோட்டை

கிழக்கே கோட்டை, திருவனந்தபுரத்தின் பழைய நகர்ப் பகுதி. பத்மநாபசுவாமி கோயில், பத்மதீர்த்தக் குளம், அரண்மனைகள், அக்ரகாரங்கள், கோட்டை வாசலுக்கு வெளியே சாலைக் கம்போளம் எல்லாம் இதில் அடங்கும். மார்த்தாண்ட வர்மா கோயிலைப் புதுப்பித்து, 1750 ஜனவரியில் திருவிதாங்கூரையே பத்மநாபருக்குத் தானமாக எழுதிவைத்தார். அவருக்குப் பின்வந்த கார்த்திகைத் திருநாள் ராமவர்மா காலத்தில் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து இங்கே மாறியது. சாலைக் கடைத்தெருவை ஏற்படுத்தியவர் அவருடைய திவான் ராஜா கேசவதாஸ்.

2011இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி கோயிலின் நிலவறைகள் திறக்கப்பட்டுப் புதையல் வெளிப்பட்டதும் உலகத்தின் கண் இங்கே திரும்பியது. ‘பி’ அறை மட்டும் திறக்கப்படவில்லை. கோயில் நிர்வாகத்தில் அரச குடும்பத்துக்குள்ள உரிமையை அந்நீதிமன்றம் 2020 ஜூலை 13 அன்று உறுதிசெய்தது. புதையல் பேச்சு கூட்டத்தைக் கூட்டியது. ஆனால் வட்டாரத்தின் நெடுநாள் தலைவலி தண்ணீர்தான். மழை வலுத்தால் பக்கத்துத் தம்பானூரும் கிழக்கே கோட்டையும் முழங்காலளவு நீரில் நிற்கும். ஆக்கிரமிப்பை அகற்றி ஓடைகளைத் தூர்வார 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ தொடங்கியது. வேலை முடிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை: 2024 ஜூலையில் ரயில் நிலையத்துக்கு அடியில் செல்லும் ஆமயிழஞ்சான் ஓடையில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். இன்னொரு தொல்லையான பேருந்து நெரிசலுக்கு மேலாக 2022இல் 104 மீட்டர் நடைமேம்பாலம் திறக்கப்பட்டது.

வட்டாரத்தின் உண்மையான காலண்டர் திருவிழாக்களுடையது. பங்குனி, ஐப்பசித் திருவிழாக்களில் சுவாமி நீராடும் ஆராட்டு நாட்களில் ஊர்வலம் விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. அதுவரை விமானங்கள் காத்திருக்கும். ஆறாண்டுக்கு ஒருமுறை வேதம் ஓதும் முறைஜபமும் லட்சதீபமும் நடக்கின்றன. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை மூவரும் குமரி மாவட்டத்திலிருந்து ஊர்வலமாக வருகிறார்கள். 1956இல் மாநில எல்லை மாறியும் இந்த வழி மாறவில்லை. இரு மாநிலக் காவலர்களும் மரியாதை செலுத்துகிறார்கள். சரஸ்வதி அமரும் நவராத்திரி மண்டபத்தில், மன்னர் சுவாதித் திருநாள் இயற்றிய ஒன்பது கீர்த்தனைகள் மாலைக்கு ஒன்றாகப் பாடப்படுகின்றன. பெண்கள் அங்கே பாடாதிருந்த வழக்கத்தை 2006இல் பாறசாலை பொன்னம்மாள் பாடி முடித்துவைத்தார். சுவாதித் திருநாள் கட்டிய குதிரைமாளிகை, கூரையடியில் வரிசையாக நிற்கும் 122 மரக்குதிரைகளால் அப்பெயர் பெற்றது. அதன் முற்றத்தில் ஜனவரிதோறும் இசைவிழா நடக்கிறது. மேற்குக் கோட்டையில் 1970இல் தொடங்கிய ‘மார்கி’ என்ற அமைப்பு கதகளியும் கூடியாட்டமும் பயிற்றுகிறது.

தமிழ் வாசகர்களுக்குச் சாலைத் தெரு அயலூர் அல்ல. ஆ. மாதவன் அங்கே கடை நடத்திக்கொண்டே அதன் சுமட்டுக்காரர்களையும் சில்லறை வியாபாரிகளையும் கதைகளாக்கினார். அவருக்கு 2015இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது, கதைகளுக்கு அல்ல, ‘இலக்கியச் சுவடுகள்’ என்ற கட்டுரை நூலுக்கு. கோயிலைச் சுற்றிய ஊர் நீல. பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’ நாவலுக்குக் களமானது.