செருகியும் குதையும்: ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பிலிருந்து சென்னைக்குச் செல்லும் பயணி, தன் சதுர முள் செருகியை அங்குள்ள உருண்டைத் துளைகளில் நுழைக்க இயலாது திகைப்பதுண்டு. இலண்டனிலோ அதே செருகி தடையின்றிப் பொருந்தும். அயல்நாட்டிற் பொருந்தாதது தொலைநாட்டிற் பொருந்துவதேன்? விடையை மின்னியலில் அன்றி வரலாற்றிலேயே தேடவேண்டும்.

1934இல் பிரித்தானியர் நியமமாக வெளியிட்டது உருண்டை முள் செருகியையே. 5 அம்பியருக்குச் சிறிதும் 15 அம்பியருக்குப் பெரிதுமாக அது பேரரசெங்கும் பரவியது. இரண்டாம் உலகப்போர் இந்நிலையை மாற்றிற்று. போருக்குப்பின் எழவேண்டிய வீடுகளுக்குச் செம்புக் கம்பியைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் வழியை ஆராய்ந்த குழு, பல குதைகளை ஒரே வளையச் சுற்றில் இணைக்கும் முறையை 1944இல் பரிந்துரைத்தது. அத்தகைய சுற்றில் ஒவ்வொரு செருகிக்குள்ளும் தனி உருகி தேவைப்பட்டது. குழுவின் ஒரே பெண் உறுப்பினரான கரோலின் ஹாஸ்லெற் குழந்தைகளின் பாதுகாப்பை வலியுறுத்தினார். புவித்தொடுப்பு முள் முதலில் நுழைந்தாலன்றித் திறவாத மூடிகள் குதையினுள் அமைந்தன. இவ்வாறு உருவான 13 அம்பியர் சதுர முள் செருகி 1947இல் நியமமாயிற்று.

அவ்வாண்டே இந்தியா விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டு இலங்கையும் பெற்றது. பழையதைக் கைவிடுமாறு பணிக்க இலண்டனுக்கு இனி அதிகாரமில்லை. இந்தியா உருண்டை முள்ளிலேயே நிலைத்தது. சிங்கப்பூரும் மலேசியாவும் பிற்பட்ட காலத்தில் சதுர முள்ளுக்கு மாறின. இலங்கையிலோ இரண்டும் ஒரே சுவரில் இடம்பிடித்தன. இரு முள் செருகியை நுழைப்பதற்காக மேற்றுளையிற் பேனாவைச் செருகி மூடியைத் திறக்கும் வழக்கம் இங்குப் பலரும் அறிந்ததே. குழந்தையைக் காக்க அமைந்த மூடியைக் குழந்தையின் கண்முன்னே திறந்துகாட்டும் செயல் இது! 2010களின் பிற்பகுதியிலேயே 13 அம்பியர் செருகி நாட்டின் ஒரே நியமமாக வரையறுக்கப்பட்டது.

வடிவ வேறுபாட்டிலும் ஆபத்தானது அழுத்த வேறுபாடு. எடிசன் 1882இல் நியூயோர்க்கில் ஏறத்தாழ 110 உவோற்றில் மின் வழங்கினார். பேர்லின் நகரமோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் 220க்கு மாறியது. அழுத்தம் இருமடங்கானால் அதே வலுவுக்கு மின்னோட்டம் பாதியாகும். கம்பியில் வீணாகும் வெப்பம் காற்பங்காகக் குறையும். ஐரோப்பா அவ்வழியே சென்றது. அமெரிக்க வீடுகளில் ஏற்கெனவே பழைய அழுத்தத்துக்குரிய விளக்குகளும் கருவிகளும் நிறைந்திருந்தமையால் அங்கு மாற்றம் எளிதாயிருக்கவில்லை.

பயணிகள் வாங்கும் 'அடப்ரர்' முள்ளின் வடிவை மட்டுமே மாற்றும், அழுத்தத்தை மாற்றாது. 120 உவோற்றுக்குரிய அமெரிக்க மின்னழுத்தியை இலங்கையின் 230 உவோற்றில் இணைத்தால், அது ஏறக்குறைய மூன்றரை மடங்குக்கு மேலான வலுவை இழுத்து எரிந்துவிடும். அதற்கு நிலைமாற்றியே வேண்டும். 100 முதல் 240 உவோற்று வரை ஏற்குமெனப் பொறிக்கப்பட்ட மின்னேற்றிகளுக்கு மாத்திரம் அடப்ரர் போதும்.

1986இல் சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு, 230 உவோற்று நாடுகள் யாவற்றுக்கும் பொதுவான ஒரு செருகியை முன்மொழிந்தது. தென்னாபிரிக்கா அதனை ஏற்றது. பிரேசில் சில மாற்றங்களுடன் ஏற்றது. ஐரோப்பாவும் பிரித்தானியாவும் தத்தம் பழைய செருகிகளை விட்டுக்கொடுக்கவில்லை.