ஆக்கியோன் பெயர்

காக்ஸ் டவுன் சந்தைக்கு அருகிலுள்ள வாடகை அறையிலிருந்து மூன்றாண்டுகள் இணையவழி உள்ளடக்கச் சந்தை ஒன்றில் கட்டுரை விற்றேன். சொல்லுக்கு 40 பைசா. 500 சொல்லுக்கு 200 ரூபாய். சென்ற வாரம், இணையத் தமிழில் செயப்பாட்டுவினை பற்றிய என் ஆய்வுக்காகத் தொகுத்துவரும் தரவகத்தில், அவ்வாறு விற்ற கட்டுரை ஒன்று வேறொருவர் பெயரில் வந்து நின்றது. அவருடைய நடை என்று நான் எண்ணிக் கணக்கிட்டிருந்தது என் நடையையே.

எழுத்தை விற்பது நம் மரபுக்குப் புதிதன்று. பரிசிலுக்குப் பாடியவர்களின் மொழி இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஊரார் வேண்டுகோளுக்கிணங்கத் தலபுராணங்கள் பாடி, அரங்கேற்றத்தில் பொருள் பெற்றார். அவருடைய மாணவர் உ.வே. சாமிநாதையர் முன்கூட்டியே கையொப்பம் திரட்டி 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். இவற்றில் பணம் உண்டு, பேரமும் உண்டு. ஆனால் பெயர் பெரும்பாலும் பேரத்துக்குள் வந்ததில்லை. சிறப்புப் பாயிரம் உரைக்க வேண்டிய எட்டனுள் நன்னூல் முதலில் வைப்பது ஆக்கியோன் பெயரைத்தான். நூற்பெயர்கூட அதற்குப் பிறகே வருகிறது.

இதழ்கள் எழுத்தாளருக்குத் தந்த தொகைக்குச் ‘சன்மானம்’ என்று பெயர். வித்துவான்களுக்குச் செய்த மரியாதையைக் குறித்த வடசொல், இருபதாம் நூற்றாண்டில் மணியார்டராக வந்தது. தொகை பெரும்பாலும் அற்பம். அந்த அற்பத்தை மறைக்கவே சொல் பெரிதாக இருந்ததோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. எனினும் பக்கத்தில் பெயர் இருந்தது, புனைபெயராகவேனும். ஷெல்லிதாசன் யார், ரசமட்டம் யார் என்று பின்னால் வந்தவர்கள் கண்டுகொண்டார்கள். சீனி. விசுவநாதன் பாரதி படைப்புகளைக் காலவரிசைப்படுத்த முடிந்ததும், ஆ.இரா. வேங்கடாசலபதி புதுமைப்பித்தன் கதைகளின் பதிப்பை 2000-இல் கொண்டுவர முடிந்ததும் இதழ், நாள், பெயர் என்னும் தடயங்கள் எஞ்சியிருந்ததால்தான்.

பாரதி பாடல்களின் உரிமை விவகாரம் இங்கு நினைக்கத்தக்கது. ஒலிபரப்பு உரிமை கைமாறி ஏ.வி. மெய்யப்பனிடம் சேர்ந்திருந்தது, 1948-இல் டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தால் வழக்கு மூண்டது. 1949-இல் சென்னை அரசு பாரதி படைப்புகளை உடைமையாக்கியது. எத்தனை கை மாறியபோதும் அவை பாரதி பாடல்களாகவே இருந்தன.

உள்ளடக்கச் சந்தையின் வரலாறு இருபதாண்டு அளவினது. ஜெர்மனியில் 2005-இல் டெக்ஸ்ட்புரோக்கர். அமெரிக்காவில் அதே ஆண்டு அசோசியேட்டட் கன்டென்ட், மறு ஆண்டு டிமாண்ட் மீடியா. தேடுபொறியில் முன்வரிசை பிடிப்பதற்கான எழுத்துக்குத் தேவை பெருகியது. 2011 பிப்ரவரியில் கூகுளின் பாண்டா மாற்றம் தரமற்ற எழுத்துப் பண்ணைகளைக் கீழே தள்ளியது. ஆயினும் விற்பனை முறை நிலைத்துவிட்டது. வாங்குபவர் தலைப்பும் சொல்லெண்ணிக்கையும் குறிச்சொற்களும் தருவார். நாம் எழுதி, நகல்சோதனையில் தேறி, ஒப்புதல் பெற்றதும் பணம் வரும், பெயர் போய்விடும். அதை யாரும் சன்மானம் என்பதில்லை, ‘ரேட்’ என்பார்கள். இந்த நேர்மை எனக்குப் பிடித்தே இருந்தது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) இதை இவ்வளவு எளிதாக ஒப்புவதில்லை. 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் கையொப்பமிட்ட எழுத்து வடிவில் இருக்க வேண்டும். காலம் குறிக்கப்படாவிடில் ஐந்தாண்டு மட்டுமே. 57-ஆம் பிரிவோ, உரிமையை விற்ற பின்னும் ‘இதை எழுதியவன் நான்’ என்று கோரும் உரிமையை ஆசிரியனிடமே விடுகிறது. கோரினால் சந்தையில் நம் நட்சத்திரங்கள் குறையும். அடுத்த வேலை வராது. நான் கோரவில்லை. அந்த மாதங்களின் வாடகை அதிலிருந்துதான் போயிற்று.

இப்போதைய சிக்கல் வேறு. தரவகத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் எழுதியவரின் வட்டாரம், வயது, கல்வி ஆகியவற்றைக் குறித்திருக்கிறேன். என் கட்டுரையை நான் அடையாளம் கண்டேன். என்னைப் போல் விற்ற மற்றவர்களின் கட்டுரைகளை எப்படிக் காண்பது? நடையியல் சோதனைகளுக்கு ஒப்பிட ஓர் உறுதியான மாதிரி தேவை. பெயரே பொய்யானால் மாதிரி எங்கிருந்து வரும்?

அந்த ஒரு கோப்பை நீக்கிவிட்டேன். மற்றவற்றில் ‘ஆக்கியோன்’ என்றிருந்த கட்டத்தை ‘வெளியிட்டவர்’ என்று மாற்றிக்கொண்டிருக்கிறேன். வட்டாரம், வயது, கல்வி என்னும் மூன்று கட்டங்களும் இப்போதைக்குக் காலியாக இருக்கின்றன.