கல்யாண டின்னரில் யாருக்கு மைக்?

மலேசியத் தமிழர் கல்யாணத்துக்கு இன்று மூன்று தேதிகள். ஒன்று பதிவு, ஒன்று தாலிகட்டு, மூன்றாவது டின்னர். 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, முஸ்லிம் அல்லாதவர்கள் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். தாலிகட்டைக் கோயில் பார்த்துக்கொள்கிறது. சட்டமும் கேட்காத, சாமியும் கேட்காத அந்த மூன்றாவது நிகழ்ச்சிக்குத்தான் வீட்டில் செலவும் அதிகம், சண்டையும் அதிகம். யார் வாசிக்கணும், எந்தப் பாட்டுக்கு மாப்பிள்ளையும் பொண்ணும் உள்ளே வரணும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. அதனாலேயே ஒவ்வொரு தலைமுறையும் டின்னரைத் தன் இஷ்டத்துக்கு அமைத்துக்கொண்டது. மைக் யார் கையில் இருந்தது என்று பார்த்துக்கொண்டே போனால் அதன் வரலாறு கிடைத்துவிடும்.

ரப்பர் தோட்டக் கல்யாணத்தில் முதலில் மைக்கே கிடையாது. லயத்துக்கு முன்னால் பந்தல், அதில் நாதஸ்வரம், தவில். இரண்டுமே திறந்தவெளிக்கு ஏற்ற வாத்தியங்கள். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஓசை 6 டெசிபல் குறையும். பந்தலில் காதைப் பிளப்பது நாலு லயம் தள்ளி இதமாகக் கேட்கும். கல்யாணம் நடக்குது, வாங்க என்ற அழைப்பு அது. சமைத்தவர், பரிமாறியவர், சாப்பிட்டவர் எல்லாரும் மறுநாள் விடியற்காலை ஒரே பெரட்டில் நிற்கப்போகிறவர்கள்.

1931-இல் ‘காளிதாஸ்’ வந்து தமிழ்ப் படம் பேச ஆரம்பித்த பிறகு சினிமாப் பாட்டு இசைத்தட்டில் ஏறிக் கடல் தாண்டியது. பிறகு குழாய் ஒலிபெருக்கி வந்தது. பாட்டு கேட்டால் கல்யாண வீடு என்று ஆனது. 1961-இல் வெளிவந்த ‘பாசமலர்’ படத்தில், விஸ்வநாதன் ராமமூர்த்தி இசையில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய கல்யாணப் பாட்டு அந்தக் காலத்துச் சொத்து. அது இல்லாமல் இன்றும் பல டின்னர்கள் முடிவதில்லை.

இன்னொரு பக்கம் பேச்சு வளர்ந்தது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்தார். 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கியது. சுயமரியாதைத் திருமணத்தில் ஐயர் இல்லை, தலைவர் உண்டு. மந்திரம் இல்லை, வாழ்த்துரை உண்டு. தமிழ்நாட்டில் அதற்குச் சட்ட அங்கீகாரம் 1967-இல்தான் கிடைத்தது. நம் டின்னர் நிகழ்ச்சி நிரலில் இருக்கும் வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரையைப் பாருங்கள். அந்த மேடையின் சாடை அப்படியே இருக்கிறது. ஐயரின் இடத்துக்கு மைக் வந்தது. ஊர்ப் பெரியவர் அதைப் பிடித்தார்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது கல்யாணமும் பட்டணத்து மண்டபத்துக்குக் குடிபெயர்ந்தது. பத்துப் பேர் வட்ட மேசை, யாம் செங், அங்பாவ் எல்லாம் சீனர்களிடமிருந்து வந்தவை. கேக் வெள்ளைக்காரனுடையது. கித்தாரும் டிரம்ஸும் கொண்ட குழுக்கள் மேடை ஏறின. 1983-இல் மிடி வந்தபின் ஒரு கீபோர்டுக்காரரே பாதிக் குழுவின் வேலையைச் செய்ய முடிந்தது. அப்புறம் டிஜே. 2006-இல் யோகி பி & நட்சத்ரா, ‘நிழல்கள்’ படத்து இளையராஜா பாட்டை ராப்பாக மாற்றியபோது, டின்னரில் ஆட நமக்கென்று உள்ளூரிலேயே ஒரு பாட்டு கிடைத்தது. தோட்டக் கோயிலிலும் சாவு வீட்டிலும் கேட்ட உறுமி இப்போது மணமக்களை மண்டபத்துக்குள் அழைத்து வருகிறது. இது எனக்குப் பிடித்த மாற்றம். கூச்சப்பட்டு ஒதுக்கிய வாத்தியம் முன்வாசல் வழியாக வருகிறதே!

ஆனால் பந்தலில் கூப்பிட்ட இசை, மண்டபத்தில் வாயடைக்கிறது. நாலு சுவருக்குள் ஓசை கலைந்து போக வழியில்லை. சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல்தான். தொழிற்சாலையில் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது 2019-ஆம் ஆண்டு விதிமுறையின் எல்லை. அதைத் தாண்டினால் முதலாளி பதில் சொல்லணும். டின்னரில் ஒலிபெருக்கிப் பக்கத்து மேசையில் உட்காரும் பாட்டிக்கு அப்படி எந்த விதியும் இல்லை. வருஷக்கணக்கில் பார்க்காத சொந்தங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, சைகையில் நலம் விசாரித்துவிட்டு, சாப்பிட்டு எழுந்து போகிறார்கள்.

இந்த வருஷம் பெரியம்மா மகன் டின்னர். “தம்பி, நீ இன்ஜினியர்தானே, நிகழ்ச்சிய எக்செல்ல போட்டுக் குடு” என்றார் பெரியம்மா. போட்டேன். முதல் ஒரு மணி நேரம் ஒலிபெருக்கி இல்லாமல் நாதஸ்வரம், அதுவும் மண்டபத்துக்கு வெளியே, வாசலில். சாப்பாட்டு நேரத்தில் பழைய பாட்டு, பேச்சை மறைக்காத அளவில். டிஜேவும் யாம் செங்கும் கடைசியில். ஆடுகிறவர்கள் ஆடட்டும், மற்றவர்கள் அதற்குள் பேசி முடித்திருப்பார்கள். வாழ்த்துரை வரிசையில் எங்கள் தொகுதிப் பிரமுகருக்கு முன்னால் ஒரு பெயரைச் சேர்த்தேன்: பாட்டி, மூன்று நிமிடம். எண்பது வயது தாண்டியவர், இத்தனை கல்யாணம் பார்த்தும் ஒரு மேடையிலும் பேசாதவர்.

பிரமுகர் கோபித்துக்கொள்வாரா என்று வீட்டில் இரண்டு நாள் விவாதம். பாட்டி அதில் கலந்துகொள்ளவே இல்லை. மைக்கை எந்தக் கையில் பிடிக்கிறது என்று மட்டும் கேட்டார்.