கிளவுஸ் யாரைக் காப்பாத்துது?

ராயபுரம், காசிமேடு பக்கம் ‘பரம்பரை’ன்னா குத்துச்சண்டைக் குழு. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் பரம்பரைகளை 2021-ல வந்த பா. ரஞ்சித் படத்துக்கு அப்புறம் எல்லாருக்கும் தெரியும். இன்னிக்கு யார் ஜெயிச்சாங்கன்னு பேசப் போறதில்ல. அடிபடாம இருக்க இந்த விளையாட்டு என்ன செஞ்சது, அதுல எது பலிச்சது, அதான் கதை.

முதல்ல கை. வெறுங்கையால மண்டையில குத்தினா, பல சமயம் உடையறது குத்தினவன் கைதான். சுண்டுவிரலுக்குக் கீழ இருக்குற எலும்பு முறிஞ்சா அதுக்குப் பேரே ‘பாக்ஸர்ஸ் ஃபிராக்சர்’. 1867-ல லண்டன்ல வெளியான குயின்ஸ்பெரி விதிகள் கிளவுஸைக் கொண்டு வந்துச்சு. மூணு நிமிஷ ரவுண்டு, ஒரு நிமிஷ ஓய்வுகூட அதுலதான். கை தப்பிச்சது. ஆனா கை வலிக்காததால தலையைப் பயமில்லாமக் குத்த முடிஞ்சது.

அடுத்து தலை. மூளை மண்டையோட்டுக்குள்ள திரவத்துல மிதக்குது. தலை வெடுக்குன்னு திரும்பினா அதுவும் குலுங்கும். தொடர்ந்து தலையில அடி வாங்கினவங்களுக்கு வர்ற தள்ளாட்டத்தைப் பத்தி அமெரிக்க டாக்டர் ஹாரிசன் மார்ட்லேண்ட் 1928-லயே எழுதிட்டார். 1984 ஒலிம்பிக்ல தலைக்கவசம் வந்துச்சு. அது முகம் கிழியறதைக் குறைக்கும், குலுக்கலை நிறுத்தாது. 2016 ரியோவுல ஆண்கள் அது இல்லாமலே ஆடினாங்க.

அப்போ எது பலிச்சது? அடியோட எண்ணிக்கையைக் குறைச்சது. 1982-ல லாஸ் வேகாஸ்ல 14-வது ரவுண்டுல விழுந்த கொரிய வீரர் கிம் டுக்கூ சில நாள்ல இறந்துபோனார். அதுக்கப்புறம்தான் உலகப் பட்டப் போட்டிகள் 15 ரவுண்டுல இருந்து 12-ஆக இறங்குச்சு.

1980-ல முகமது அலி மெட்ராஸ் வந்து ஜிம்மி எல்லிஸோட காட்சிப் போட்டி ஆடினார். நாலே வருஷத்துல அவருக்குப் பார்கின்சன் பாதிப்புன்னு தெரிஞ்சுது. அடிகளுக்கு அதுல எவ்வளவு பங்குன்னு டாக்டர்கள் ரொம்ப நாள் விவாதிச்சாங்க.

நம்ம ஏரியாவுல சிக்கல் இங்கதான். ரிங்குல நிக்கிறவன் தனியாள் இல்ல, பரம்பரையோட மானம். அதனால துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்துறது கஷ்டம். ஆனா உயிரைக் காப்பாத்துறது அந்தத் துண்டுதான்.

தம்பியோ தங்கச்சியோ பாக்ஸிங் சேரப் போறாங்களா? கைக்கட்டும் பல்கவசமும் வாங்கிக் கொடுங்க. கோச்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: “நாக் அவுட் ஆனா எத்தனை நாள் கழிச்சு மறுபடி ஏத்துவீங்க?” 30 நாளுக்குக் கம்மியா சொன்னா வேற இடம் பாருங்க. அடிபட்டப்புறம் தலைவலி கூடினாலோ, வாந்தி வந்தாலோ, பேச்சு குழறினாலோ தூங்க வைக்காதீங்க. ஸ்டான்லி பக்கத்துலதான் இருக்கு, உடனே கூட்டிட்டுப் போங்க.